நடுவில் திரவம் இருந்தால் காசிமிர் விசையை எப்படிக் கணக்கிடுவது?

காசிமிர் விசை என்பது மிக நெருக்கமாக இருக்கும் இரண்டு பொருள்களுக்கு நடுவே, மின்காந்தப் புலத்தின் குவாண்டம் அலைவுகளால் எழும் விசை. வெற்றிடத்துக்கான விடையை எடுத்து, நடுவில் உள்ள திரவத்தின் விடுதிறனால் (permittivity, மின்புலத்துக்கு ஒரு பொருள் எவ்வளவு ஈடுகொடுக்கிறது என்பதன் அளவு) வகுத்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. முதலில், எந்த விடுதிறனால் வகுப்பீர்கள்? நீரின் ஒப்புமை விடுதிறன் நிலைமின்புலத்தில் ஏறக்குறைய 80, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சுமார் 1.8. இந்த விசையிலோ எல்லா அதிர்வெண்களுக்கும் பங்கு இருக்கிறது.

சரியான வழியை 1961-இல் டிசியலோஷின்ஸ்கி, லிஃப்ஷிட்ஸ், பிதாயெவ்ஸ்கி மூவரும் கொடுத்தார்கள். அதிர்வெண்ணைக் கற்பனை எண்ணாக எடுத்துக்கொண்டால் விடுதிறன் ஏற்ற இறக்கம் இல்லாமல், சீராகக் குறையும் மெய்யெண்ணாகிவிடும். கணக்குப் போட இதைவிட வசதி வேறில்லை. இடைவெளி மிகச் சிறியதாக இருக்கும்போது விசையின் குறியை இரண்டு வித்தியாசங்களின் பெருக்கல் தீர்மானிக்கிறது: முதல் பொருளின் விடுதிறனிலிருந்து திரவத்தினுடையதைக் கழித்தது, இரண்டாம் பொருளினுடையதிலிருந்து அதையே கழித்தது. திரவத்தின் மதிப்பு இரண்டுக்கும் நடுவில் விழுந்தால் ஒரு வித்தியாசம் எதிர்க்குறியாகும், அதாவது விலக்கு விசை. 2009-இல் மண்டே, கபாசோ, பர்செகியன் மூவரும் தங்கக் கோளத்துக்கும் சிலிக்கா தட்டுக்கும் நடுவே புரோமோபென்சீனை வைத்து இதை அளந்தே காட்டினார்கள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

பலரும் தடுமாறும் இடம் வேறு. மின்காந்த விசை பொருள்கள் மேல் மட்டுமல்ல, திரவத்தின் மேலும் செயல்படுகிறது. திரவம் அசையாமல் நிற்க வேண்டுமானால் அதன் உள்ளே அழுத்தம் இடத்துக்கு இடம் மாறியாக வேண்டும். அந்த அழுத்தமும் பொருள்களைத் தள்ளும். 1961 கோட்பாட்டின் தகைவு டென்சரில் (புலமும் திரவமும் தரும் அழுத்தங்களைச் சேர்த்துச் சொல்லும் கணித அளவு) இது அடங்கியிருக்கிறது. 2005-இல் ராபேயும் வெல்ஷும் லாரன்ஸ் விசையை (மின்னூட்டங்கள் மேல் மின்காந்தப் புலம் செலுத்தும் விசை) மட்டும் வைத்து வேறொரு விடைக்கு வந்தார்கள். திரவச் சமநிலையைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அடுத்த ஆண்டே பிதாயெவ்ஸ்கி மறுத்தார். என் பார்வையில் அவர் சொன்னதுதான் சரி. ஆனால் நடுவில் இருப்பது திடப்பொருள் என்றால் அதன் மீள்தகைவையும் (உருமாறும்போது உள்ளே எழும் எதிர்விசை) சேர்த்து யோசிக்க வேண்டும், இதே சூத்திரத்தை அப்படியே போட முடியாது.

அப்புறம், அறை வெப்பநிலையில் எல்லா அதிர்வெண்கள் மேலும் போடும் தொகையீட்டுக்குப் பதில், தனித்தனி அதிர்வெண்களின் கூட்டுத்தொகை வரும். முதல் உறுப்பு பூஜ்ய அதிர்வெண்ணில், அதற்குப் பாதி எடைதான். அடுத்தது வினாடிக்குச் சுமார் 2.5 × 10¹⁴ ரேடியனில். நீரில் அந்தப் பூஜ்ய உறுப்பைத் தனியாகப் பாருங்கள்: உப்பு கரைந்திருந்தால் அயனிகள் அதை மறைத்துவிடும்.

நிரல் எழுதும் முன் அகச்சிவப்பிலிருந்து புறஊதா வரை நம்பகமான ஒளியியல் தரவைத் தேடுங்கள். புரோமோபென்சீன், சிலிக்கா போல மதிப்புகள் நெருங்கி நிற்கும் இணைகளில், தரவில் சிறு பிழை இருந்தாலே ஈர்ப்பு விலக்காக மாறிவிடும்.