முயலுக்கு என்ன கொடுக்கலாம்? கேள்வி பதில்

கே: எங்கள் முயல் கேரட்டைத் தவிர எதையும் சீண்டுவதில்லை. பரவாயில்லையா?

ப: இனிப்பு கிடைத்தால் புல்லை யார் சீண்டுவார்கள்? கேரட்டில் சர்க்கரை அதிகம். வாரத்தில் ஓரிரு நாள் சின்னத் துண்டு போதும். கூண்டில் எப்போதும் இருக்க வேண்டியது காய்ந்த புல். சாப்பாட்டில் ஐந்தில் நான்கு பங்காவது அதுதான். முயலின் பற்கள் ஆயுள் முழுக்க வளரும். புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயும். தேயாவிட்டால் கடைவாய்ப் பல் கூராகி நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். அப்புறம் பசித்தாலும் வாய் வைக்காது.

கே: எங்கள் முயலுக்கு ஆறு மாதம் ஆகப்போகிறது. குதிரைமசால் புல்லையே தொடரலாமா?

ப: வளரும் குட்டிக்கு அது சரி. பெரிய முயலுக்கு அதிலுள்ள கால்சியம் அதிகம். மிஞ்சியது சிறுநீர்ப்பையில் சேறாகப் படியும், கல்லும் வரலாம். டிமோதி போன்ற புல்லுக்கு மாற்றுங்கள். ஒரே நாளில் வேண்டாம், பழையதோடு கலந்து பத்து நாளில் மாற்றுங்கள்.

கே: பெல்லட் (கடையில் விற்கும் தீவனக் குச்சி) எவ்வளவு?

ப: வளர்ந்த முயலின் எடையில் கிலோவுக்கு 25 கிராம், ஒரு நாளைக்கு. விதையும் உலர்பழமும் கலந்த பாக்கெட் பக்கமே போகாதீர்கள். பிடித்ததைப் பொறுக்கித் தின்றுவிட்டு மீதியை ஒதுக்கிவிடும்.

கே: காலையில் பளபளப்பான, மெத்தென்ற புழுக்கை கிடக்கிறது. வயிற்றுப்போக்கா?

ப: திராட்சைக் கொத்துபோல ஒட்டியிருந்தால் இல்லை. முயலுக்கு இரண்டு வகைப் புழுக்கை உண்டு. மெத்தென்றதைப் பின்புறத்திலிருந்தே நேராக வாயில் எடுத்துத் தின்றுவிடும். புரதமும் பி வைட்டமின்களும் அதில் இருக்கின்றன. அருவருப்பாக இருக்கிறதா? முயலுக்கு அது சாப்பாடு. தின்னாமல் விட்டால் பெரும்பாலும் பெல்லட், பழம் கூடிப்போயிருக்கும், அவற்றைக் குறையுங்கள். உடல் பருத்து வாய் எட்டாவிட்டாலும் இப்படிக் கிடக்கும். மற்ற வகை உருண்டையாக, காய்ந்திருக்கும். நசுக்கினால் புல்தூள் உதிரும். தண்ணீராகப் போனால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கே: கொடுக்கவே கூடாதவை?

ப: வெங்காயம், பூண்டு, அவகாடோ, சாக்லேட். ரொட்டி, பிஸ்கட்டும் வேண்டாம், எவ்வளவு கெஞ்சினாலும்.

கே: நேற்று இரவிலிருந்து எதுவும் தின்னவில்லை. இன்று ஒருநாள் பார்க்கலாமா?

ப: பார்க்காதீர்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது. குடல் ஓட்டம் நின்றால் வாயு சேர்ந்து வலிக்கும். வலியில் இன்னும் தின்னாது. 12 மணி நேரம் பட்டினி என்றாலே அவசரம்தான். கடைசியாக எப்போது புழுக்கை போட்டது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார். இப்போதே கிளம்புங்கள்.