‘ஒண்ணுக்கு’ என்றால் டீச்சருக்குப் புரியுமா?

கேள்வி: எங்கள் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம். வயது ஐந்தரை. பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். ஒற்றை ஒற்றை வார்த்தையாகத்தான் பேசுகிறாள். ‘மூன்று மொழி அவளைக் குழப்புகிறது. வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள், இல்லாவிட்டால் ஒன்றாம் வகுப்புக்குச் சிறப்புப் பள்ளி பாருங்கள்’ என்கிறார்கள் பள்ளியில். என் மாமியாருக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. என்ன செய்வது?

பதில்: தமிழை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். டவுன் சிண்ட்ரோம் (ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் பிறவி நிலை) உள்ள பிள்ளைகளில் ஒரே மொழியில் வளர்பவர்களையும் இரு மொழி கேட்டு வளர்பவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். இரண்டாவது மொழியால் முதல் மொழி பின்தங்கியதாகத் தெரியவில்லை. பேச்சு தாமதமாவதற்குக் காரணம் வேறு. வாய்த் தசைகள் தளர்ந்திருக்கும், வாயின் உள்ளிடம் சிறியதாக இருக்கும், காதில் விழுந்ததை மனத்தில் பிடித்து வைப்பது கடினமாக இருக்கும். அவளிடம் எந்த மொழியில் பேசினாலும் இவை அப்படியேதான் இருக்கும். தமிழை நிறுத்தினால் பாட்டி வாயை மூடிக்கொள்வார். ஆங்கிலம் சரளமாக வராத வீட்டில் ‘கம், சிட், ஈட்’ என்ற கட்டளைகள்தான் மிஞ்சும். கொஞ்சலும் கதையும் போய்விட்டால் பேச்சு எதிலிருந்து வளரும்?

முதலில் காதைச் சோதியுங்கள். இந்தப் பிள்ளைகளுக்குக் காதுத் துளை குறுகலாக இருக்கும், செவிப்பறைக்குப் பின்னால் அடிக்கடி நீர் கோத்துக்கொள்ளும். சளி பிடித்த வாரங்களில் வகுப்பில் சொல்வது பாதிதான் கேட்கும். அதைத்தான் ‘சொன்ன பேச்சு கேட்பதில்லை’ என்று டைரியில் எழுதி அனுப்புவார்கள். இரண்டு காதும் சரியாக இருப்பதாகத் தனித்தனியே உறுதியாகும்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் ஆடியோகிராம் என்ற செவித்திறன் பரிசோதனை எடுங்கள். தைராய்டுக்கான டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனையும் ஆண்டுதோறும் வேண்டும். தைராய்டு சுரப்பு குறைந்தால் பிள்ளை சோர்ந்துபோவாள், அதையும் ‘மந்தம்’ என்று சொல்லிவிடுவார்கள்.

இவர்களுக்குக் காதைவிடக் கண் நன்றாகக் கைகொடுக்கும். அதனால் வாசிப்பு வழியாகவே பேச்சைக் கொண்டுவரலாம். உள்ளங்கை அகல அட்டைகளில் நாலே நாலு வார்த்தை எழுதுங்கள்: அம்மா, பால், பஸ், வா. அ, ஆ என்று வரிசையாக எழுத்தில் தொடங்க வேண்டாம், முழு வார்த்தையாகவே காட்டுங்கள். முதலில் ஒரே மாதிரியான இரண்டு அட்டைகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். அது வந்ததும் ‘பால் எங்கே, எடு’ என்று கேளுங்கள். அட்டையைக் காட்டி ‘இது என்ன?’ என்பது கடைசியில்தான். பலரும் அந்தக் கடைசிக் கேள்வியில் தொடங்குவதால்தான் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. வீட்டில் எப்படிப் பேசுகிறீர்களோ அப்படியே எழுதுங்கள். ‘தண்ணி’ என்று சொல்கிற பிள்ளைக்குத் ‘தண்ணீர்’ வேறொரு சொல். புத்தகத் தமிழ் பிறகு வரட்டும்.

அவள் ‘பால்’ என்றால் நீங்கள் ‘பால் வேணும்’ என்று ஒரு சொல் கூட்டிச் சொல்லிவிட்டுப் பாலைக் கொடுங்கள். திருப்பிச் சொல்ல வைத்துக் காக்க வைக்காதீர்கள். கேள்வி கேட்டால் மனத்துக்குள் பத்து எண்ணும்வரை பொறுத்திருங்கள். பெரும்பாலும் ஐந்திலேயே நாம் குறுக்கே பதில் சொல்லிவிடுகிறோம்.

பள்ளியின் புகாரில் உண்மை ஒன்று இருக்கிறது: அவள் சொல்வது அங்கே யாருக்கும் புரியவில்லை. ‘ஒண்ணுக்கு’ என்று அவள் சரியாகத்தான் சொல்லியிருப்பாள். டீச்சருக்குத் தமிழ் தெரியாது. உடை நனைந்ததும் ‘டாய்லெட் பழக்கம் இல்லை’ என்று பெயர் வந்துவிடும். அவள் சொல்லும் இருபது சொற்களை, அவள் உச்சரிக்கிற விதத்திலேயே, ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் பொருளுடன் ஒரே தாளில் எழுதி, டீச்சர், ஆயா, வேன் ஓட்டுநர் மூவரிடமும் கொடுங்கள். சிறுநீர், தண்ணீர், வலி, போதும் ஆகிய நான்கிற்கும் சைகையும் பழக்குங்கள். சைகை பேச்சைத் தடுக்காது. ‘ஊட்டா ஆய்த்தா?’ (சாப்பிட்டாயா?) என்று ஆயா கன்னடத்தில் கேட்பதும் இருக்கட்டும், அதுவும் அவள் தெருவின் மொழிதானே.

இனி ஒன்றாம் வகுப்பு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன் 31-ஆம் பிரிவின்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமை உண்டு. அக்கம்பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், பள்ளி அல்ல. பாகுபாடின்றிச் சேர்ப்பது பற்றி 16-ஆம் பிரிவு பேசுகிறது. ஆறு வயது ஆகும் முன்பே மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். படிவத்தின் பட்டியலில் ‘டவுன் சிண்ட்ரோம்’ என்ற பெயரைத் தேடினால் கிடைக்காது, ‘அறிவுசார் குறைபாடு’ என்ற பிரிவில்தான் வரும். சேர்க்க மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதை வைத்து மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம். பின்னாளில் இரண்டாம், மூன்றாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்குக்கும் 17-ஆம் பிரிவு இடம் தருகிறது.

வகுப்பில் அவளுக்கென்று உதவியாளரை அமர்த்தினால் அவர் ஒட்டியே உட்காரக் கூடாது. நடுவில் பெரியவர் ஒருவர் இருந்தால் பக்கத்துப் பிள்ளை அவளிடம் பேசாது. வகுப்புப் பிள்ளைகளிடம் ‘பாவம், பார்த்துக்கோங்க’ என்று சொல்ல விடாதீர்கள். ‘அவளுக்குப் பேச்சு மெதுவா வரும், கொஞ்சம் காத்திரு, தூக்காதே, அவளும் உன் வயசுதான்’ என்றால் போதும்.

பி.டி. ஆசிரியரிடம் ஒன்று தவறாமல் சொல்லுங்கள். கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளைப் பிணைக்கும் தசைநார் இவர்களில் சிலருக்குத் தளர்வாக இருக்கும். மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை குட்டிக்கரணம், சிரசாசனம், டிராம்போலின் வேண்டாம். கழுத்து வலி, நடையில் திடீர்த் தடுமாற்றம், கட்டுக்குள் இருந்த சிறுநீர் மறுபடி கட்டுப்படாமல் போவது, இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள்.