பெல்ட்டன் சில்லு செய்யும் பட்டறைகளுக்கு: கேள்வி பதில்

(இலங்கை மலைநாட்டுச் சிறு நீர்மின் வேலைகள் பற்றி வந்த கேள்விகள். பெல்ட்டன் சில்லு என்பது விளிம்பைச் சுற்றிக் கிண்ணங்கள் பூட்டிய டர்பைன் சக்கரம். நொசில் என்ற குழாய் முனையிலிருந்து பாயும் நீர்த் தாரை கிண்ணங்களில் அடித்து அதைச் சுழற்றும்.)

லேத் பட்டறை, ஹட்டன்: அண்ணன், சோலார் தகடு செய்வதா, நீர்மின் பக்கம் போவதா?

தகட்டில் இறங்காதீர்கள். நம் சந்தை சிறியது, சீனாவிலிருந்து வரும் விலையோடு போட்டி போட முடியாது. நீர்மின் அப்படியில்லை. ஓடைக்கு ஓடை உயரமும் நீரும் வேறு, அதனால் சில்லை அளவெடுத்துத்தான் செய்யவேண்டும். நம் கிராமத் திட்டங்களின் டர்பைன்களும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் பெரும்பாலும் உள்ளூர்ப் பட்டறைகளில் பிறந்தவைதான்.

அவரே: 40 மீற்றர் உயரம், செக்கனுக்கு 10 லீற்றர். சில்லு என்ன அளவு?

40 என்பது குழாய் உராய்வைக் கழித்த கணக்கா என்று முதலில் பாருங்கள். கழித்ததுதான் என்றால் நீரின் பலம் 9.81 × 10 × 40 = 3,924 வாட். கையில் கிடைப்பது அதில் பாதி, 2 கிலோவாட் அளவு.

தாரை செக்கனுக்கு 27 மீற்றர் வேகத்தில் வரும். கிண்ணம் அதில் 46 வீதத்தில், அதாவது 12.5 மீற்றரில் ஓடவேண்டும். ஜெனரேட்டராக நான்கு துருவ மோட்டரைச் சில்லோடு நேரடியாகப் பூட்டி நிமிடத்துக்கு 1,550 சுற்று ஓட்டினால், தாரை படும் வட்டத்தின் விட்டம் 154 மில்லிமீற்றர்.

பலர் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். ஒரே நொசில் வைத்தால் தாரை 22 மில்லிமீற்றர் தடிப்பாகிவிடும். வட்ட விட்டத்தின் 11 வீதத்தை, இங்கே 17 மில்லிமீற்றரை, தாண்டினால் கிண்ணம் கொள்ளாமல் நீர் சிதறும். 15 மில்லிமீற்றர் தாரை வரும் இரண்டு நொசில் வையுங்கள்.

வார்ப்புப் பட்டறை: கிண்ணங்கள் ஆறு மாதத்தில் உடைகின்றன. ஏன்?

உடைந்த முகத்தை வெயிலில் பிடித்துப் பாருங்கள். சிப்பி ஓட்டில் இருப்பதுபோல் வரிவரியாக இருந்தால் களைப்பு வெடிப்பு: போல்ட் தளர்ந்திருக்கும், அல்லது கிண்ணத்தைச் சில்லில் பூட்டும் காம்பின் அடியில் கூர்மூலை விட்டிருப்பீர்கள். இரண்டு நொசில் வைத்த சில்லில் ஒவ்வொரு கிண்ணமும் நிமிடத்துக்கு 3,100 அடி வாங்குகிறது, கூர்மூலை அதைத் தாங்காது. மூலையை வளைவாக உருட்டி விடுங்கள். ஊசித் துளைகள் தெரிந்தால் கோளாறு வார்ப்பில். உலோகம் கடைசியாக உறைவது தடித்த காம்பில்தான், உறையும்போது சுருங்கும் இடத்துக்கு உருகிய உலோகம் ஊட்டும் ஊட்டுக்குழியை அந்தப் பக்கம் வையுங்கள். கிண்ணத்தின் நடுவில் தாரையைப் பிளக்கும் கத்தி மழுங்கினால் காரணம் மணல். மேலே படிவுத் தொட்டியைச் சுத்தம் செய்யாமல் கிண்ணத்தை மாற்றிப் பயனில்லை.

மோட்டர் வைண்டிங் கடை: மூன்று பேஸ் மோட்டரில் ஒற்றை பேஸ் எடுப்பது எப்படி?

மூன்று கம்பிச் சுற்றுகளையும் முக்கோணமாக, டெல்டாவில் கட்டுங்கள். லோடு எடுக்கும் பேஸில் ஒரு பங்கு கப்பாசிட்டர், அடுத்ததில் இரண்டு பங்கு, மூன்றாவதில் ஒன்றும் வேண்டாம். மோட்டர் அளவுக்கு மீறிச் சுட்டால் இரண்டு பங்கை அந்த மூன்றாவது பேஸுக்கு மாற்றுங்கள். சுற்றும் திசைக்கு அது பொருந்தவேண்டும். மோட்டரின் அளவில் 80 வீதம்தான் எடுக்கலாம், எனவே 2 கிலோவாட்டுக்கு 3 கிலோவாட் மோட்டர். மோட்டரைக் கிளப்பச் சில செக்கன் மட்டும் பயன்படும் ஸ்டார்ட் கப்பாசிட்டர் போட்டால் வெடிக்கும். தொடர்ந்து ஓடத் தாங்கும் 450 வோல்ட் ரன் கப்பாசிட்டர் மட்டும். வோல்டேஜ் எழும்பாவிட்டால், மெஷினை நிறுத்தி, கப்பாசிட்டரைக் கழற்றி, 12 வோல்ட் பற்றரியைச் சில செக்கன் மோட்டரின் கம்பிச் சுற்றில் தொடுங்கள்.

வீடுகள் எடுக்காத மிச்ச மின்சாரத்தை எரிக்கும் ஹீட்டரைச் சொட்டுச் சொட்டாக வரும் தண்ணீரில் விடாதீர்கள். அது கருகினால் லோடு போய் சில்லு கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும், வோல்டேஜ் ஏறி வீட்டு பல்புகள் போகும்.

கிராமச் சங்கம்: மின்சார சபைக் கம்பி வந்துவிட்டது. எங்கள் மெஷினை என்ன செய்ய?

கம்பி வந்த பல ஊர்களில் நல்ல மெஷின்கள் துருப்பிடிக்கின்றன. விற்றுவிடாதீர்கள். மூன்று பேஸ் கம்பி அருகில் இருந்தால், மின் விநியோகம் செய்பவர்களின் அனுமதியோடு அதில் இணைக்கலாம். ஒற்றை பேஸுக்குப் போட்ட கப்பாசிட்டர்களைக் கழற்றி, மோட்டரைப் பழையபடி மூன்று பேஸாகக் கட்டவேண்டும். கம்பியில் மின்சாரம் நின்றதும் மெஷினைப் பிரித்துவிடும் ரிலே கட்டாயம். அது இல்லாவிட்டால், லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவரின் கைக்கு உங்கள் மின்சாரம் போய்ச் சேரும்.