வென்றவரின் பணத்திலும் கேசினோவுக்குப் பங்கு உண்டு

கேள்வி: கோத்தகிரியில் சிறு தேயிலை விவசாயியாக இருக்கிறேன். நண்பர்கள் ஆறு பேர் கோவா சென்றபோது, மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பல் ஒன்றில் ஏறினோம். பூஜ்யம் முதல் 36 வரை எண்கள் உள்ள சக்கரத்தில், ஒரே எண்ணின் மீது 500 ரூபாய் வைத்த நண்பர் 17,500 ரூபாய் வென்றார். மற்ற ஐவரும் தோற்றோம். சக்கரத்தில் காந்தம் வைத்து ஏமாற்றுகிறார்கள் என்கிறார் ஒருவர். வென்றவரோ மீண்டும் போக வேண்டும் என்கிறார். இப்படி அள்ளிக் கொடுத்தும் இந்தத் தொழில் எப்படி நடக்கிறது? ஊட்டியில் ஒன்று திறந்தால் நம் மலைக்கு வருமானம் வராதா?

பதில்: காந்தத்துக்கு அங்கே வேலையே இல்லை. சக்கரம் முற்றிலும் நேர்மையாகச் சுழன்றாலும் கேசினோவுக்கு லாபம் வரும். அந்த லாபம், வெற்றிக்கு எவ்வளவு கொடுப்பது என்ற விகிதத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது.

நீங்கள் பார்த்த ரூலெட் சக்கரத்தில், பூஜ்யத்தையும் சேர்த்தால் 37 எண்கள். ஒவ்வோர் எண்ணின் மீதும் ஒருவர் 500 ரூபாய் வைத்து, 37 பேர் மேசையைச் சுற்றி நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மேசைக்கு வந்தது 18,500 ரூபாய். பந்து எங்கே விழுந்தாலும் வெல்பவர் ஒருவர்தான். அவருக்கு வெற்றித்தொகை 17,500 ரூபாயும், அவர் வைத்த 500 ரூபாயும் சேர்ந்து 18,000 ரூபாய் போகும். மீதி 500 ரூபாய் கேசினோவுக்கு. ஆகவே, கணக்குப்படி உங்கள் நண்பருக்குச் சேர வேண்டிய வெற்றித்தொகை 18,000 ரூபாய். அதில் 500 குறைத்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். கை நிறையப் பணம் வந்த மகிழ்ச்சியில் அவர் அதைக் கவனித்திருக்க மாட்டார்.

18,500க்கு 500 என்பது ஏறத்தாழ 2.7 சதவீதம். இரண்டு பூஜ்யங்கள் உள்ள அமெரிக்கச் சக்கரத்தில் இது 5.26 சதவீதம். இவ்வளவு சிறிய பங்கை வைத்துக்கொண்டு இத்தனை பெரிய கப்பலையும் ஊழியர்களையும் எப்படி நடத்துகிறார்கள் என்று தோன்றும். நம்மூர் கேரட் மூட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போனால், விற்கும்போது ஒரு முறை கமிஷன் பிடிப்பார்கள், அத்தோடு முடிந்தது. கேசினோவிலோ, அதே பணம் மேசையை விட்டு எழும்வரை ஒவ்வொரு சுற்றுக்கும் கமிஷன் கட்டிக்கொண்டே இருக்கிறது. 2,000 ரூபாயுடன் உட்கார்ந்த ஒருவர், சுற்றுக்கு 100 ரூபாய் வீதம் மணிக்கு 40 சுற்று ஆடினால், வென்றதையும் திரும்ப வைத்து ஐந்து மணி நேரத்தில் அவர் வைத்த மொத்தத் தொகை 20,000 ரூபாயாகிவிடும். அதில் 2.7 சதவீதம் 540 ரூபாய். அவர் கொண்டுவந்த பணத்தில் அது கால் பங்குக்கும் மேல். ஒருவர் அன்று வெல்லலாம், இன்னொருவர் எல்லாவற்றையும் இழக்கலாம். ஆயிரக்கணக்கான சுற்றுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது கேசினோவின் வரவு இந்தச் சராசரியை ஒட்டியே அமையும்.

அதனால்தான் அங்கே எல்லாமே ஆட்களை நீண்ட நேரம் உட்கார வைப்பதற்காகவே ஏற்பாடு செய்யப்படுகின்றன. பணத்தை வாங்கிக்கொண்டு சிப் எனப்படும் வில்லைகளைக் கொடுப்பதால், கையிலிருந்து போவது பணம் என்ற உணர்வு மங்குகிறது. உணவும் பானமும் தாராளமாக வருகின்றன. பெரிய தொகை ஆடுபவருக்கு அறையும் இலவசமாகக் கிடைப்பதுண்டு. அந்தச் செலவு, அவர் ஆடப்போகும் தொகையில் கேசினோவுக்கு வர வேண்டிய பங்கைக் கணக்கிட்டுத்தான் செய்யப்படுகிறது. மேலே உள்ள கேமராக்கள் ஆட்டக்காரரைப் போலவே சீட்டுப் போடும் டீலரையும் கண்காணிக்கின்றன.

வைத்த தொகைக்குச் சமமான தொகை மட்டுமே வெற்றியாகக் கிடைக்கும் பந்தயத்தில், தோற்கும்போதெல்லாம் இரட்டிப்பாக வைத்தால் கடைசியில் வென்றுவிடலாம் என்று உங்கள் நண்பரிடம் யாரேனும் சொல்லியிருந்தால், அதை அவர் நம்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 100 ரூபாயில் தொடங்கி வரிசையாக ஏழு முறை தோற்றால் போனது 12,700 ரூபாய். எட்டாவது முறை 12,800 ரூபாய் வைத்து வென்றாலும் நிகர லாபம் 100 ரூபாய்தான். அதற்குள் மேசையின் உச்சவரம்பு குறுக்கே வந்துவிடவும் கூடும். இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள்: வென்ற தொகைக்கு 30 சதவீதம் வருமான வரி உண்டு, தோற்ற பணத்தை அதில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருவதில்லை.

ஊட்டியைப் பற்றிக் கேட்டீர்கள். சூதாட்டம் நம் அரசியலமைப்பில் மாநிலப் பட்டியலில் உள்ளது. கோவா 1976ஆம் ஆண்டுச் சட்டத்தை 1990களில் திருத்தி, நட்சத்திர விடுதிகளில் சூதாட்ட இயந்திரங்களையும் கப்பல்களில் மேசை ஆட்டங்களையும் அனுமதித்தது. சிக்கிம் 2002இல் தனிச்சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டிலோ 1930ஆம் ஆண்டுச் சட்டம் சூதாட்ட இல்லங்களைத் தடை செய்கிறது. லாட்டரியும் 2003இல் நிறுத்தப்பட்டது. வெளியூர்ப் பயணிகளின் பணம் மட்டும் வந்தால் போதும் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பச்சைத் தேயிலைக்குக் கிடைத்த பணத்தோடு உள்ளூர்க்காரர்களும் அந்த மேசைக்குப் போவார்களே என்பதுதான் என் கவலை. கேசினோ நடத்தும் ஊர்களுக்கும் அந்தக் கவலை இருக்கிறது: கோவா தன் மக்கள் உள்ளே சென்று ஆடுவதை 2020இல் தடை செய்தது, சிங்கப்பூர் தன் குடிமக்களிடம் ஒரு நாள் நுழைவுக்கு 150 சிங்கப்பூர் டாலர் வசூலிக்கிறது, வெளிநாட்டவரிடம் அந்தக் கட்டணம் இல்லை.