இரத்தப் பரிசோதனையா, கொலனொஸ்கோப்பியா?

கேள்வி: எனக்கு 41 வயது. அப்பாவுக்கு 52 வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்தது. இரத்தத்திலுள்ள வளர்சிதைப் பொருட்களையும் (உணவை உடல் பயன்படுத்தும்போது உண்டாகுபவை) நோயெதிர்ப்புக் கலங்களையும் அளந்து, எனக்கும் வருமா என்று சொல்லலாமென ஓர் ஆய்வுகூடத்தில் பெரிய தொகை கேட்கிறார்கள். செய்யலாமா?
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: வேண்டாம் தங்கச்சி. உங்களுக்குத் தேவை கொலனொஸ்கோப்பி, அதாவது கமெரா பொருத்திய குழாயை ஆசனவாய் வழியாக விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை, அதுவும் இந்த வருடமே.

அவர்கள் சொல்லும் விஞ்ஞானம் பொய்யில்லை. நார்ச்சத்தைக் குடல் பக்டீரியாக்கள் பியூட்டிரேட்டாக மாற்றுகின்றன. குடற்சுவர்க் கலங்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள், அழற்சியையும் தணிக்கும். கொழுப்பு மிகுந்த சாப்பாட்டால் பித்த அமிலங்கள் அதிகரிக்கின்றன, குடல் பக்டீரியாக்கள் அவற்றைக் குடலை உறுத்தும் பொருட்களாக்குகின்றன. புற்றுக் கட்டிக்குள் ரி கலங்கள் என்ற நோயெதிர்ப்புக் கலங்கள் நிறையப் புகுந்திருந்தால் நோயாளி தேறும் வாய்ப்பு அதிகம் என்பது 2006இலேயே தெரிந்த விஷயம். இப்போது பிறவியிலேயே இரத்தத்தில் இப்படியான ஒரு பொருள் சற்றுக் கூடியவர்களையும் குறைந்தவர்களையும் மரபணுத் தரவுகளால் பிரித்து, பெருந்தொகையானோரை ஒப்பிட்டு, எது காரணம், எது விளைவு என்று தேடுகிறார்கள். அருமையான வேலை. ஆனால் கிடைப்பது கூட்டத்துக்கான சராசரிதான். ஒரு குழாய் இரத்தத்தை வைத்து உங்கள் குடலில் என்ன இருக்கிறதென்று அது சொல்லாது. ராத்திரிச் சாப்பாடும் போடும் குளிசையும்கூட அந்த அளவுகளை மாற்றும். டெங்கு வந்தவர்களைக் கேளுங்கள், வெள்ளணு எண்ணிக்கை சில நாட்களுக்குள் எப்படி விழுந்து எழும்பும் என்று. முடிவு நன்றாக வந்துவிட்டதென்று நீங்கள் கொலனொஸ்கோப்பியைத் தள்ளிப்போட்டுவிடுவீர்களோ என்பதே என் பயம்.

பெற்றோருக்கு இந்த நோய் வந்திருந்தால் பிள்ளைகள் 40 வயதில், அல்லது பெற்றோருக்கு வந்த வயதுக்கு 10 வருடம் முன்பு, எது முந்தியதோ அப்போது பரிசோதனையைத் தொடங்கவேண்டும். உங்களுக்கு அந்த நேரம் வந்தாயிற்று. பொலிப் என்ற சிறு வளர்ச்சி புற்றாக மாறப் பெரும்பாலும் 10 வருடமளவில் எடுக்கும். பரிசோதனையில் கண்டால் அப்போதே அகற்றிவிடலாம்.

அரச வைத்தியசாலையில் இது இலவசம், தவணைக்குக் காத்திருக்க நேரலாம். அப்பாவின் பயொப்சி (திசுப் பரிசோதனை) அறிக்கையைக் கட்டாயம் கொண்டுபோங்கள். குடும்பத்தில் வேறு யாருக்காவது குடல் அல்லது கருப்பைப் புற்றுநோய் இருந்ததா என்றும் சொல்லுங்கள். லிஞ்ச் சின்ட்ரோம் என்ற பரம்பரைக் கோளாறு இருந்தால் இன்னும் இளவயதில், அடிக்கடி பார்க்கவேண்டும். கூடப்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

மலத்தில் இரத்தம் கண்டால் மூலம் என்று நீங்களே முடிவுகட்டாமல் உடனே டொக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம், கொலனொஸ்கோப்பிக்கு முதல்நாள் பேதி மருந்து குடிக்கவேண்டும். அன்றைக்கும் லீவு போட்டுவிடுங்கள்.