காற்று அடங்கும்வரை கிரேன் அசையாது: டர்பன் துறைமுகம் பற்றி வாசகர் கேள்வி – பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தைப் பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். வணிகம், வானிலை, வீட்டுக்குள் படியும் தூசி என்று கேள்விகள் பல திசையில் போகின்றன. ஆனால் எல்லாம் துறைமுகம் அமைந்த ஒரே குடாவைச் சுற்றியவைதான். சரக்குக் கையாளுதலிலும் கடலோரப் பராமரிப்பிலும் பழக்கம் உள்ளவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள்.

சென்னையிலிருந்து மளிகைச் சரக்கு வரவழைக்கிறேன். கப்பல் வந்துவிட்டது என்று ஏஜென்ட் சொல்கிறார், ஆனால் கன்டெய்னர் கைக்கு வரப் பல நாள் ஆகிறது. கேட்டால் "காற்று" என்கிறார்கள். காற்றுக்கும் பருப்பு மூட்டைக்கும் என்ன சம்பந்தம் ஐயா?
– சாட்ஸ்வொர்த் வியாபாரி

சம்பந்தம் இருக்கிறது. 40 அடி கன்டெய்னரின் பக்கச் சுவர் ஏறக்குறைய 32 சதுர மீட்டர். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால், கயிற்றில் தொங்கும் அந்தப் பெட்டியை 800, 900 கிலோ எடைக்கு ஈடான விசை பக்கவாட்டில் தள்ளும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். காலிப் பெட்டியின் எடையே நாலு டன்னுக்குள்தான், ஆகவே பாரம் ஏற்றியதைவிட அதுதான் அதிகம் ஆடும். இதனால்தான் 70, 80 கி.மீ.யை நெருங்கினால் கரையோரக் கிரேன்களை நிறுத்திப் பூட்டிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் வேலை செய்யச் சொல்லி யாரும் நெருக்கக் கூடாது. கீழே ஆட்கள் நிற்கிறார்கள்.

ஆனால் பழி முழுவதையும் காற்றின் தலையில் போடுவதும் நியாயமில்லை. பியர் 2 கன்டெய்னர் முனையத்தில் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடுபவை ஸ்ட்ராடில் கேரியர்கள் என்ற வண்டிகள். அவை பழுதாகி உதிரி பாகத்துக்குக் காத்து நின்றால், கிரேன் இறக்கிய பெட்டியை எடுத்துப் போக ஆள் இருக்காது, கிரேனும் சும்மா நிற்கும். 2023 நவம்பரில் டர்பனுக்கு வெளியே 60க்கும் மேற்பட்ட கப்பல்கள் நங்கூரம் போட்டுக் காத்திருந்தன. மோசமான வானிலையும் கருவிப் பற்றாக்குறையும் சேர்ந்து வந்த விளைவு அது. காற்று ஒரு நாள் நிறுத்தினால் அந்த நாளைப் பிடித்துவிடலாம். கருவி குறைவாக இருந்தால் இழந்த நாளைப் பிடிக்கவே முடியாது, வரிசை நீண்டுகொண்டே போகும். ஆழமும் ஒரு சிக்கல். பியர் 2-இல் கப்பல்கள் நிற்கும் 203, 204, 205 ஆம் தளங்களை 16.5 மீட்டருக்கு ஆழப்படுத்தும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. அது முடியாதவரை பெரிய கப்பல்கள் முழுப் பாரத்தோடு வர முடியாது, கடல்நீர் உயரும் ஓதத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். தீபாவளிச் சரக்கை ஆகஸ்டு முதல் நவம்பர் வரையிலான பலத்த காற்றுக் காலத்தில் கரை சேரும்படி வைக்காதீர்கள். ஜூலைக்குள் இறங்கிவிடட்டும். கன்டெய்னர் இறங்கியபின் முனையத்தில் பொதுவாக மூன்று நாள்தான் வாடகையின்றி வைக்கலாம், அதற்குப் பிறகு நாளுக்கு நாள் கட்டணம் ஏறும். முனையத்துக்குக் கொடுக்கும் கிடங்கு வாடகை வேறு, காலிப் பெட்டியைத் தாமதமாகத் திருப்பினால் கப்பல் நிறுவனம் வாங்கும் கட்டணம் வேறு. இரண்டுக்கும் இலவச நாள் எத்தனை என்று சரக்கு ஏறும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். பில் ஆஃப் லேடிங்கில் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதில்) உள்ள பெயரும் இன்வாய்ஸில் உள்ள பெயரும் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. இந்தப் பிழையும் பெட்டிகளை நிறுத்தி வைக்கும்.

மாமல்லபுரத்தில் கருங்கல் விக்கிரகங்கள் செய்யக் கொடுத்திருக்கிறோம். மூலவர், இரண்டு துவாரபாலகர், பலிபீடம், சில தூண்கள். ஒரு 20 அடி கன்டெய்னரில் எவ்வளவு ஏற்றலாம், என்னென்ன தாள் வேண்டும்?
– கிளேர்வுட்டிலிருந்து ஒரு கோயில் நிர்வாகக் குழு

கன்டெய்னர் நிரம்புவதற்கு வெகு முன்பே எடை நிரம்பிவிடும். ஒரு கன மீட்டர் கருங்கல் சுமார் 2.7 டன். 20 அடிப் பெட்டியின் உள்ளளவு 33 கன மீட்டர் இருந்தாலும், ஏற்றக்கூடிய எடை 28 டன் அளவில் நின்றுவிடும். அதாவது 10 கன மீட்டர் கல்தான் போகும். பெட்டியின் மூன்றில் இரண்டு பங்கு பார்வைக்குக் காலியாகவே இருக்கும். "இடம் இருக்கிறதே, இன்னும் இரண்டு தூண் வைக்கலாம்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த மொத்த எடையைத் தெரிவிக்காத கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது உலகம் முழுக்கச் சட்டம். எடை தவறாக இருந்தால் சென்னையிலேயே நின்றுவிடும்.

கதவின் உயரம் 2.28 மீட்டர். பீடத்தோடு அதைவிட உயரமான சிலையானால் பீடத்தைத் தனியாகச் செய்யச் சொல்லுங்கள். உடைவது எப்போதும் மெல்லிய இடம்: நீட்டிய விரல், வேலின் நுனி, காதணி, பிரபாவளியின் சுடர்கள். சிலையை மல்லாக்கப் படுக்க வைத்து, முதுகு, இடுப்பு, கால் ஆகிய தடித்த இடங்களில் மட்டும் தாங்கு கொடுத்து, மெல்லிய உறுப்புகளைச் சுற்றி எதுவும் அழுத்தாதபடி இடைவெளி விட வேண்டும். பெட்டிக்குள் பாரம் நடுவில் விழ வேண்டும். ஒரு பக்கம் கூடினால் லாரியில் ஏற்றும்போது சாயும். பெட்டகங்கள் நகராதபடி மரக்கட்டைகளை அண்டக் கொடுத்து, இரும்புப் பட்டையால் இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். இந்தக் கரையை ஒட்டிய கடல் சாதுவானதல்ல. 2024 ஜூலையிலும் ஆகஸ்டிலும் சிஎம்ஏ சிஜிஎம் நிறுவனத்தின் இரண்டு கப்பல்கள் தென்னாப்பிரிக்கக் கரையருகே முறையே 44, 99 கன்டெய்னர்களைக் கடலில் இழந்தன.

வைக்கோல், உமி, சருகு எதையும் அடைப்பாகப் போடக் கூடாது. பூச்சி வரும் என்று தாவரப் பாதுகாப்பு அலுவலர் பெட்டியை நிறுத்திவிடுவார். மரப்பெட்டகத்தின் கட்டை, அதன் உள்நடுவே 56 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் இருந்ததாக இருக்க வேண்டும். மரச் சிகிச்சைக்கான உலக அடையாளமான கோதுமைக் கதிர் முத்திரை, நாட்டைக் குறிக்கும் எழுத்து, வெப்பச் சிகிச்சைக் குறி மூன்றும் ஒவ்வொரு பெட்டகத்திலும் தெரிய வேண்டும். முத்திரை தெரியும் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு பெட்டகத்தில் முத்திரை இல்லாவிட்டாலும் முழுக் கன்டெய்னரும் பூச்சிக்கொல்லிப் புகை போடவோ திருப்பி அனுப்பவோ போகும், அந்தச் செலவு கோயிலுக்குத்தான்.

இந்தியாவில் 100 ஆண்டு பழமையான சிற்பத்தை வெளியே கொண்டுபோகத் தடை உண்டு. ஆகவே புதுச் சிலைக்கும், அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறை தரும் சான்று வேண்டும். ஸ்தபதிகளுக்கு இது தெரியும். ஆனால் கேட்டு வாங்கும்வரை யாரும் நினைவூட்ட மாட்டார்கள்.

வரிக்கு முன்கூட்டியே பணம் ஒதுக்குங்கள். இங்கே மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதம். சரக்கு விலையோடு 10 சதவீதம் சேர்த்து, சுங்கவரி இருந்தால் அதையும் கூட்டி, அந்தத் தொகை மேல்தான் கணக்கிடுவார்கள். சுங்கவரி இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், 2,00,000 ராண்டு சரக்குக்கு 2,20,000 மேல் 33,000 ராண்டு ஆகிறது. சிலைக்கும் தூணுக்கும் சுங்க எண் வேறாக இருக்கலாம். கிளியரிங் ஏஜென்டிடம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். கோயில் வாசலில் கிரேன் நிற்க இடம் இருக்கிறதா, தெருவின் மின்கம்பி எவ்வளவு தாழ்வு என்பதையும் இப்போதே பாருங்கள். கும்பாபிஷேக நாளைப் பத்திரிகையில் அச்சடிப்பதற்கு முன் விக்கிரகம் கரை இறங்கியிருக்க வேண்டும்.

மெரிபேங்கில் இருக்கிறோம். ஜன்னல் விளிம்பில் தினமும் கறுப்புத் தூசி. பிள்ளைக்கு இழுப்பு. லாரிப் புகையா, நிலக்கரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? யாரிடம் சொல்வது?
– ஒரு தாய்

அம்மா, உங்கள் கேள்விதான் இந்த இதழிலேயே முக்கியமானது. தென் டர்பன் மக்கள் பல தலைமுறையாக இதைக் கேட்டு வருகிறார்கள். 1954-லும் 1963-லும் வந்த சுத்திகரிப்பு ஆலைகள் இரண்டும் இன்று எண்ணெய் சுத்திகரிப்பதில்லை. ஆனால் லாரிகள் குறையவில்லை. துறைமுகத்தின் ப்ளஃப் பக்கக் கப்பல்தளத்தில் நிலக்கரியும் மாங்கனீசும் கையாளப்படுகின்றன.

ஈரமான வெள்ளைத் துணியால் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்காக, தேய்த்தால் சாம்பல் நிறமாகப் பரவினால் பெரும்பாலும் டீசல் புகைக்கரி. விரலுக்கு இடையில் நறநறவென்று உறுத்தினால் நிலக்கரியோ தாதுத் தூசியோ. இது முதல் குறிப்புதான், நிரூபணம் அல்ல. நிரூபணத்துக்கு 30 நாள் திறந்தவெளியில் வைக்கும் தூசி வாளி இருக்கிறது. 2013-இன் தேசியத் தூசிக் கட்டுப்பாட்டு விதிப்படி குடியிருப்புப் பகுதியில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் சராசரி 600 மில்லிகிராமுக்கு மேல் விழக் கூடாது. தொழிற்பகுதியில் 1,200. உங்கள் தெரு குடியிருப்பு என்பதை வலியுறுத்துங்கள். மூச்சுக்குள் போகும் நுண்துகளுக்கு வேறு அளவுகோல்: ஒரு நாள் சராசரி கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம் என்பது இப்போதைய சட்ட எல்லை, 2030 முதல் 25. உலக சுகாதார அமைப்பு சொல்வது 15. சட்ட எல்லைக்குள் இருக்கிறது என்று யாராவது பதில் தந்தால் அது பிள்ளையின் நெஞ்சுக்குப் பாதுகாப்பானது என்று பொருளாகாது.

ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். தேதி, நேரம், காற்று எந்தப் பக்கமிருந்து, தூசியின் தன்மை, பிள்ளைக்கு இழுப்பு வந்ததா. ஒரு மாதக் குறிப்போடு டர்பனை நிர்வகிக்கும் ஈத்தெக்வினி மாநகராட்சியின் காற்றுத் தர அலுவலருக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான எண்ணை வாங்குங்கள். குடியிருப்புத் தெருவில் லாரி நிறுத்துவதை மாநகரப் போலீசிடம் வண்டி எண்ணோடு சொல்லுங்கள். துறைமுகம் புதிதாகக் கட்டவோ விரிவாக்கவோ முனைந்தால், சுற்றுச்சூழல் மதிப்பீட்டில் குறைந்தது 30 நாள் பொதுமக்கள் கருத்துக்கு விட வேண்டும். பாதிக்கப்படுபவராக உங்கள் பெயரைப் பதிவு செய்துகொண்டால் ஒவ்வொரு ஆவணமும் உங்களுக்கும் வரும். பதிவு செய்யாதவரைத் தேடி வந்து யாரும் கேட்பதில்லை. தனியாக அலைய வேண்டியதில்லை, தென் டர்பன் சமூகச் சுற்றுச்சூழல் கூட்டணி 1990-களிலிருந்து இந்த வேலையைச் செய்து வருகிறது.

2022 வெள்ளத்தில் கன்டெய்னர்கள் சாலையில் மிதந்து வந்தன. அப்படி மறுபடி நடக்குமா?
– இசிப்பிங்கோ வாசகர்

நடக்கும், அதற்கு ஆயத்தமாகத்தான் இருக்க வேண்டும். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மி.மீ.க்கு மேல் பெய்தது. 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பருவநிலை மாற்றம் இல்லாத உலகில் ஏறக்குறைய 40 ஆண்டுக்கு ஒரு முறை வரக்கூடிய இத்தகைய மழை, இப்போது 20 ஆண்டுக்கு ஒரு முறை வரக்கூடியதாகிவிட்டது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

முனையங்களில் கிரேன்கள் தப்பித்தன, போகும் வழிதான் போனது. கன்டெய்னர் முனையங்களுக்கான முக்கியச் சாலை பேஹெட் சாலை ஒன்றுதான், அதன் ஒரு பகுதியை வெள்ளம் அரித்துப் போனது. கேட்டோ ரிட்ஜ் நோக்கிய ரயில் பாதையும் உடைந்தது. உம்பிலோ, உம்லாட்டுசானா ஆறுகள் இரண்டும் பேஹெட்டில் கால்வாயாக வந்து குடாவில் விழுகின்றன. ஆறு பரந்து நின்று வடிந்த சதுப்பைத் தூர்த்துவிட்டு நேரான கால்வாய்க்குள் அடைத்தால், தண்ணீர் வேகமாக வரும், கரையை உடைக்கும். குடாவில் இன்று மிஞ்சியிருக்கும் கண்டல் காடு சுமார் 15 ஹெக்டேர்தான். அதைக் கண்போல் காக்க வேண்டும்.

உம்பிலோ ஆற்றங்கரையில் நம் முன்னோர் எழுப்பிய அம்பலவாணர் கோயிலை 1905 வெள்ளம் கொண்டுபோனது. பிறகு அதை வேறிடத்தில்தான் கட்டினார்கள். உங்கள் பகுதியில் கிடங்கு வாடகைக்கு எடுப்பவர் 2022-இல் தண்ணீர் நின்ற உயரத்தைச் சுவர்க் கறையில் பார்த்து, அதற்கு மேலே அரை மீட்டர் உயரத்தில் முதல் தட்டை வைக்கட்டும். காலிக் கன்டெய்னர்களை அடுக்கும் முற்றங்களில் ஒன்றோடொன்று பூட்டுப் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். மிதந்து வருபவை அந்தக் காலிப் பெட்டிகள்தான்.

கடற்கரையில் மணல் ஏன் சில ஆண்டு அகலமாகவும் சில ஆண்டு ஒன்றுமில்லாமலும் இருக்கிறது?
– ஒரு பள்ளி மாணவி

நம் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. துறைமுக வாயிலின் அலைத்தடுப்புச் சுவர் அந்த ஓட்டத்தை மறிக்கிறது. அதனால் வடக்கே உள்ள குளியல் கடற்கரைகளுக்குத் தானாக மணல் வராது. தூர்வாரும் கப்பல் தெற்கே தேங்கும் மணலை உறிஞ்சி எடுத்துக் கொடுக்க, மாநகராட்சி அதைக் குழாய் வழியே வடக்கே பாய்ச்ச வேண்டும். கப்பலோ பம்போ பழுதானால் சில மாதத்தில் கடற்கரை மெலியும். ஆற்றில் அணை கட்டியதாலும் மணல் அள்ளியதாலும் கடலுக்கு வரும் மணலும் குறைந்துவிட்டது. டர்பனில் கடல்மட்டம் ஆண்டுக்குச் சுமார் 2.7 மி.மீ. உயர்ந்து வந்திருக்கிறது. 2007 மார்ச் 19-ஐ ஒட்டி உயரமான ஓதமும் 8 மீட்டருக்கு மேற்பட்ட அலைகளும் சேர்ந்து வந்தபோது கரையோரக் கட்டடங்களின் அடித்தளமே வெளியே தெரிந்தது.

கடற்கரையில் இன்னும் சிறு வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள் கிடைக்கின்றன. அவை என்ன?
– ஃபீனிக்ஸ் வாசகர்

2017 அக்டோபர் 10-ஆம் தேதிப் புயலில் ஒரு கப்பல் கட்டறுந்து துறைமுக வாயிலில் குறுக்கே தரைதட்டியது. வேறொரு கப்பலிலிருந்து விழுந்த இரண்டு கன்டெய்னர்களில் பிளாஸ்டிக் பொருள்கள் வார்ப்பதற்கான 49 டன் மூலமணிகள் கடலில் கொட்டின. மணி பருப்பைவிடச் சிறியது, கடலில் கிடக்கும் நஞ்சை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பிள்ளைகளை வெறுங்கையால் பொறுக்க விடாதீர்கள். கையுறையோடு, மாவு சல்லடையில் ஈரமில்லாத மணலைச் சலித்து, மூடிய டப்பாவில் போட்டு, கழிவுச் சேகரிப்பில் தனியாகக் கொடுங்கள். ஓதம் ஏறிய கோட்டில், கடற்பாசிக் குப்பையோடுதான் அதிகம் கிடக்கும்.

ஷாட் மீன் பிடிக்கத் துறைமுகச் சுவரில் நிற்கலாமா?
– ப்ளஃப் வாசகர்

2004 ஜூலை 1 முதல் உலகத் துறைமுகப் பாதுகாப்பு விதி நடப்பில் இருப்பதால், வேலி போட்ட இடத்துக்குள் அனுமதியின்றி நுழையக் கூடாது. எந்தச் சுவர் திறந்திருக்கிறது என்பதைத் துறைமுக ஆணையத்திடம் கேட்டுவிட்டுப் போங்கள். எங்கே நின்றாலும் தபால் நிலையத்தில் பொழுதுபோக்கு மீன்பிடி அனுமதிச் சீட்டு வாங்கி வைத்திருங்கள். ஷாட் ஒரு நாளைக்கு நாலு, நீளம் 30 செ.மீ.க்குக் குறையக் கூடாது, அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை பிடிக்கவே கூடாது. பெருமழைக்குப் பிறகு சில நாள் குடாவின் உள்ளே பிடித்த மீனையும் சிப்பியையும் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், ஆறுகளோடு கழிவுநீரும் அங்கேதான் இறங்குகிறது.