அரங்கம் மட்டும் வடிவமைத்தால் குடும்பம் ஓடுமா?

கேள்வி: கோவையில் ஆர்க்கிடெக்ட்டாக இருக்கிறேன். வயது 38. இதுவரை வீடு, கல்யாண மண்டபம்தான். இப்போது பொள்ளாச்சியில் கல்லூரி அரங்கம், ஈரோட்டில் ஒரு டிரஸ்ட்டின் நாடக அரங்கம் என இரண்டு வேலைகள் வந்திருக்கின்றன. இனி அரங்கங்கள் மட்டும் செய்ய ஆசை. ஆண்டுக்கு 22 லட்சம் பீஸ் எதிர்பார்க்கிறேன். இ.எம்.ஐ. சேர்த்து வீட்டுச் செலவு மாதம் 65,000. கையில் 14 லட்சம் இருக்கிறது. அன்னூர் பக்கம் சைட் வாங்கிப் போடச் சொல்கிறார் மாமனார். என்ன செய்யலாம்?

பதில்: சைட் இப்போது வேண்டாங்க. நான் சொன்னதாகவே மாமனாரிடம் சொல்லிவிடுங்கள். ஒரு வருட வீட்டுச் செலவு, சுமார் 8 லட்சத்தை, இரண்டு மூன்று எஃப்.டி.யாகப் பிரித்துப் போடுங்கள். மீதி ஆபீஸ் சம்பளத்துக்கு.

உங்களுக்குச் சிக்கல் பீஸ் தொகையில் இல்லை, அது வந்து சேரும் நாளில்தான். கமிட்டி கூட வேண்டும், நன்கொடை சேர வேண்டும்; நடுவில் தலைவர் மாறினால் டிராயிங்கும் மாறும். ஆஸ்திரேலியாவின் சிட்னி ஓபரா ஹவுஸ் அரங்கத்துக்கான டிசைன் போட்டியில் 1957இல் வென்ற ஆர்க்கிடெக்ட் யோர்ன் உட்சனே, பீஸ் பாக்கியும் சேர்ந்த தகராறில் 1966இல் பாதியில் விலகினார். கட்டடம் திறந்தது 1973இல்.

அந்த 22 லட்சத்தில் ஒலியியல், மேடை விளக்கு நிபுணர்களின் கூலியும் அடக்கமா? அப்படியென்றால் அவர்களோடு டிரஸ்ட்டே நேரடியாக ஒப்பந்தம் போடட்டும். இல்லாவிட்டால் டிரஸ்ட் இழுத்தடிக்கும்போது அவர்களுக்கு உங்கள் கைக்காசு போகும். அப்புறம், ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். பில் போட்டுவிட்டால், பணம் வராவிட்டாலும் 18% கட்ட வேண்டியது நீங்கள்தான். அதனால் எந்தக் கட்டம் முடிந்தால் எவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, அதன்படி மட்டும் பில் போடுங்கள்.

வருமான வரி பெரிய கவலையில்லை. அனுமான வருமான முறையில் வரவில் பாதியை, அதாவது 11 லட்சத்தை, வருமானமாகக் காட்டலாம். வேறு வருமானம் இல்லையென்றால், 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை. பீஸ் தரும்போதே பிடித்த 10% வரி (டி.டி.எஸ்.) ரீஃபண்டாக வரும்.

சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவும் செய்துவிடுங்கள், இலவசம்தான். சிறு நிறுவனங்களின் பில்லை 45 நாளுக்குள் தீர்க்காவிட்டால் வட்டி தர வேண்டும் என்பது சட்டம். நம்மூர் டிரஸ்டிகளிடம் வட்டி கேட்டு நோட்டீஸ் விட உங்களுக்கு மனசு வராது, தெரியும். ஆனாலும் பில்லில் அந்த உத்யம் எண் இருந்தால் அக்கவுண்டன்ட் சீக்கிரம் செக் எழுதுவார்.

மண்டப வேலையை விட்டுவிடாதீர்கள். மஞ்சள் போடுகிறவர் நடுவே சின்ன வெங்காயமும் ஊன்றுகிற கணக்குதான். வருடத்துக்கு ஒன்றிரண்டு போதும். ஈரோட்டுக்கு அடுத்த டிராயிங்கை அட்வான்ஸ் கணக்கில் ஏறிய பிறகே அனுப்புங்கள்.